பயிற்சிக் கல்லூரிக்கு முன்னால் ஒரு வீடு: சகோதரி சுப்பலட்சுமியின் வாழ்க்கை

தோட்டப் பள்ளியில் படித்த பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள், அந்தக் காலத்தில் வாத்தியார் என்றால் ஆண்தான். கிராணியாரோ கங்காணியோ, ஓரளவு எழுதப் படிக்கத் தெரிந்த யாரோ ஒருவர் பிரம்புடன் வந்து பலகைக்கு முன் நிற்பார். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி இருக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் சொன்னது. பள்ளி வந்தது, பயிற்சி பெற்ற ஆசிரியர் அவ்வளவு எளிதில் வரவில்லை. பெண்பிள்ளைகளின் நிலை இன்னும் மோசம். கொஞ்சம் வளர்ந்ததும், "ஆம்பளை வாத்தியார்கிட்ட இனி என்ன படிப்பு?" என்று வீட்டில் நிறுத்திவிடுவார்கள். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைத்தது என்று அம்மாவுக்கும் ஒரு நிம்மதி.

பெண்பிள்ளை படிக்க வேண்டுமானால் ஆசிரியை வேண்டும். ஆசிரியை வேண்டுமானால் படித்த பெண் வேண்டும். பெண் படிக்க மீண்டும் ஆசிரியை வேண்டும். செக்குமாடு மாதிரி சுற்றிக்கொண்டே இருக்க வேண்டிய வட்டம் இது. இதை எங்கே வெட்டுவது என்பது நம் தோட்டங்களுக்கு மட்டும் இருந்த கேள்வி அல்ல. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே சென்னையில் ஒரு பெண் இதற்கு விடை கண்டிருந்தார். அவரே பிறகு பெண்களுக்கான ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்றின் முதல் முதல்வரானார். அவர் பெயர் ஆர்.எஸ். சுப்பலட்சுமி. ஊரார் அவரை 'சகோதரி சுப்பலட்சுமி' என்றே அழைத்தார்கள்.

ஒரு ஒப்பீட்டுக்காகச் சொல்கிறேன். நம் நாட்டில் தஞ்சோங் மாலிம் சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி 1922இல் திறக்கப்பட்டது. அது ஆண்களுக்கானது. மலாய்ப் பெண்களுக்கான ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி மலாக்காவில் வர 1935 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சுப்பலட்சுமியின் கல்லூரியும் அதே 1922இல்தான் தொடங்கியது, ஆனால் பெண்களுக்காக. அந்தக் கல்லூரிக்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே ஒரு வீடு தொடங்கப்பட்டிருந்தது. கதை அந்த வீட்டில்தான் இருக்கிறது.

பதினோரு வயதில் முடிந்துபோன வாழ்க்கை

சுப்பலட்சுமி 1886 ஆகஸ்ட் 18ஆம் தேதி சென்னை மயிலாப்பூரில் பிறந்தார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பிறந்ததும் அதே ஆண்டுதான். பூர்வீகம் தஞ்சாவூர் மாவட்டத்து ரிஷியூர். தந்தை சுப்பிரமணிய ஐயர், தாய் விசாலாட்சி. படிப்பில் சிறுமி சூட்டிகை. ஒன்பது வயதில் நான்காம் வகுப்புப் பொதுத் தேர்வில் செங்கற்பட்டு வட்டாரத்திலேயே முதலாவதாக வந்தார்.

பிறகு வழக்கப்படி கல்யாணம். பதினோரு வயது வாக்கில் மணமுடித்தார்கள். கொஞ்ச காலத்திலேயே மாப்பிள்ளை இறந்துபோனார். கணவன் என்றால் யார் என்று தெரியாத வயதில் அந்தப் பிள்ளை விதவை.

அன்றைய பிராமணக் குடும்பங்களில் இதன் பொருள் என்ன என்பதை இன்றைய பிள்ளைகளுக்கு விளக்கித்தான் சொல்ல வேண்டும். பொட்டு இல்லை, பூ இல்லை, வண்ணச் சேலை இல்லை. வயது வந்ததும் தலைமுடியை மழித்துவிடுவார்கள். நல்ல காரியத்துக்குப் புறப்படுபவர் எதிரில் வந்தால் 'சகுனத் தடை'. மறுமணம் என்ற பேச்சே கிடையாது. வீட்டின் ஒரு மூலையில் இருந்துகொண்டு, மற்றவர்களுக்குச் சமைத்துப் போட்டு, கிடைத்ததைச் சாப்பிட்டுக் காலத்தைக் கழிக்க வேண்டியதுதான். எட்டு வயதில் அந்த நிலைக்கு வந்த பிள்ளைக்கு அறுபது வயது வரை அதே மூலைதான்.

சுப்பலட்சுமியின் தந்தை அந்த வழியில் போகவில்லை. மகளின் தலையை மழிக்கவில்லை. புத்தகத்தைக் கையில் கொடுத்தார். முதலில் வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுத்தார். பிறகு கிறிஸ்துவக் கன்னியர் நடத்திய பிரசன்டேஷன் கான்வென்டில் சேர்த்தார். சொந்தக்காரர்கள் என்ன பேசியிருப்பார்கள் என்பதை நாமே ஊகித்துக்கொள்ளலாம். இதே குடும்பத்தில் இன்னொரு விதவையும் இருந்தார். தாயின் தங்கை வாலாம்பாள், சுப்பலட்சுமிக்குச் சித்தி. இந்தச் சித்தியை மறந்துவிடாதீர்கள், மறுபடியும் வருவார்.

கான்வென்டில் சுப்பலட்சுமி கவனித்தது பாடத்தை மட்டுமல்ல. அங்கே கன்னியாஸ்திரீகளும் வெள்ளை உடுத்திய, குடும்பம் இல்லாத பெண்கள்தான். ஆனால் அவர்களைக் கண்டு யாரும் ஒதுங்கிப் போகவில்லை. அவர்களிடம் பிள்ளைகளை ஒப்படைத்தார்கள், எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். மதம் மாற வேண்டும் என்று சுப்பலட்சுமிக்குத் தோன்றவில்லை. ஆனால் குடும்பமில்லாத ஒரு பெண் ஊருக்குப் பயன்படும்படி மரியாதையோடு வாழ முடியும் என்பதை அங்கேதான் கண்ணால் பார்த்தார். 'சகோதரி' என்ற அடைமொழி அவருக்கு ஒட்டிக்கொண்டதும் அந்தக் கன்னியரைப் பின்பற்றியதால்தான்.

மேற்படிப்புக்கு மாநிலக் கல்லூரி. 1911இல் பட்டம் பெற்றார். மதராஸ் மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்து விதவை அவர்.

எழும்பூர் வீட்டில் விரித்த பாய்

பட்டம் வாங்கிய கையோடு அவர் நல்ல வேலையில் அமர்ந்து, தன் வாழ்க்கையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கலாம். அப்படிச் செய்திருந்தாலும் அவரைச் சாதனைப் பெண் என்றுதான் நாம் எழுதியிருப்போம். அவர் செய்தது வேறு. எழும்பூரில் தந்தையின் வீட்டிலேயே சில இளம் விதவைகளைத் தங்க வைத்துப் படிக்க வைக்கத் தொடங்கினார். கை விரலுக்குள் அடங்கும் எண்ணிக்கை. 1912இல் அதற்குத் துணையாக சாரதா மகளிர் சங்கம் அமைந்தது.

அதே சமயம் அரசாங்கத்திலும் ஒருவர் இதே கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தார். பெண்கள் பள்ளிகளுக்கு ஆய்வாளராக இருந்த கிறிஸ்டினா லிஞ்ச் என்ற பெண்மணி. அவருடைய பிரச்சினை நிர்வாகப் பிரச்சினை. பள்ளிகள் திறக்கலாம், ஆனால் இந்துக் குடும்பங்கள் ஏற்றுக்கொள்ளும் ஆசிரியைகள் எங்கே? மிஷனரிகள் நடத்திய பயிற்சிப் பள்ளிகள் முன்பே இருந்தன. அங்கிருந்து வரும் கிறிஸ்துவ ஆசிரியைகளிடம் பிள்ளையை அனுப்பினால் மதம் மாற்றிவிடுவார்களோ என்று பல குடும்பங்களுக்குப் பயம். மணமான இந்துப் பெண் வேலைக்கு வரமாட்டாள். மணமாகாத இந்துப் பெண் பதினைந்து வயதுக்கு மேல் கிடைக்கவே மாட்டாள். மிச்சம் இருப்பது யார்? வீட்டு மூலையில் உட்கார வைக்கப்பட்டிருக்கும் இளம் விதவை. அவளுக்கு நேரம் உண்டு, ஆயுள் உண்டு, வேலைதான் இல்லை.

இப்படித்தான் இரண்டு தேவைகள் ஒன்றாகச் சேர்ந்தன. ஒரு பக்கம் ஆசிரியை இல்லாத பள்ளி. இன்னொரு பக்கம் யாருக்கும் வேண்டாத பெண். ஊர் அபசகுனம் என்று ஒதுக்கியவளையே ஊர்ப் பிள்ளைகளுக்கு டீச்சர் ஆக்குவது. வட்டத்தை வெட்ட அவர்கள் கண்டுபிடித்த இடம் அதுதான்.

தாளில் எழுதினால் திட்டம் எளிதாகத்தான் தெரிகிறது. ஆனால் அந்த விதவைப் பிள்ளையை அப்பா அம்மா எப்படி அனுப்புவார்கள்? பயிற்சிக் கல்லூரியில் பாடம் என்ன நடத்துகிறார்கள் என்று எந்தத் தகப்பனும் கேட்கவில்லை. அவர்கள் கேட்டது வேறு: ராத்திரி எங்கே தூங்குவாள்? யார் சமைப்பார்கள்? யார் கூட இருப்பார்கள்? ஊர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் யார் பதில் சொல்வது?

ஆசிரியர் பயிற்சியைப் பற்றி எழுதும் பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். என் எண்ணத்தில், பெண்களுக்கான ஆசிரியர் பயிற்சி வகுப்பறையில் தொடங்கவில்லை, அடுக்களையில் தொடங்கியது. அமெரிக்கக் கல்லூரிகளில் பெண்கள் சேரத் தொடங்கிய காலத்தில் அவர்களைக் கவனிக்க 'மகளிர் டீன்' என்று தனிப் பதவியே வைத்தார்கள். தங்குமிடம், உடல்நலம், நல்ல பெயர் எல்லாவற்றுக்கும் அவர்தான் பொறுப்பு. சென்னையில் அப்படிப் பதவி ஏதும் இல்லாமலே சுப்பலட்சுமி அந்த வேலையைச் செய்தார். அடுக்களைப் பொறுப்பைச் சித்தி வாலாம்பாள் ஏற்றார். தானும் விதவையான ஒரு பெரிய மனுஷி அடுப்படியில் நிற்கிறார் என்பதைப் பார்த்த பிறகுதான் பல தாய்மாருக்கு மனசு ஆறியிருக்கும். பட்டம் பெற்ற மகளைவிட, பட்டம் இல்லாத சித்திதான் பெற்றோருக்குப் பெரிய உத்தரவாதம்.

நம் ஊரிலும் இது தெரிந்த கதைதானே. தோட்டத்திலிருந்து முதன்முதலாக ஒரு பெண்ணைப் பயிற்சிக் கல்லூரிக்கு அனுப்பிய குடும்பங்களைக் கேட்டுப் பாருங்கள். "விடுதியில காப்பாளர் அம்மா ரொம்பக் கண்டிப்பு" என்ற ஒரு சொல்லை நம்பித்தான் பல அப்பாக்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார்கள்.

ஐஸ் வீடு

எழும்பூர் வீடு போதாமல் போயிற்று. 1917இல் அரசாங்கம் மெரினா கடற்கரை எதிரே இருந்த ஐஸ் ஹவுஸ் கட்டடத்தை வாங்கியது. விடுதி அங்கே குடியேறியது.

இந்தக் கட்டடத்துக்குத் தனிக் கதை உண்டு. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்து வைக்க 1842இல் கட்டியது. ஆமாம், குளிர்காலத்தில் அங்குள்ள ஏரிகளில் வெட்டி, மரத்தூளில் பொதிந்து, பாதி உலகைச் சுற்றிக்கொண்டு வந்த பனிக்கட்டி! உள்ளூரிலேயே ஐஸ் செய்யும் இயந்திரம் வந்ததும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. கட்டடம் பிலிகிரி ஐயங்கார் என்ற வழக்கறிஞர் கைக்குப் போனது. 1897இல் மேல்நாட்டிலிருந்து திரும்பிய சுவாமி விவேகானந்தர் ஒன்பது நாள் தங்கியது இங்கேதான்.

சன்னல் வழியே கடல் தெரியும் அந்தக் கட்டடத்தில் இப்போது இளம் விதவைகள். ஊரில் வாசலுக்கு வரக்கூடாதவர்கள் இங்கே காலையில் எழுந்து பள்ளிக்கும், பக்கத்தில் 1914இல் தொடங்கியிருந்த ராணி மேரி கல்லூரிக்கும் நடந்து போனார்கள். கடற்கரைச் சாலையில் வெள்ளைச் சேலைப் பெண்கள் புத்தகத்தோடு வரிசையாகப் போவதைப் பார்த்து முகம் சுளித்தவர்களும் இருந்திருப்பார்கள். சகுனம் பார்ப்பவருக்கு எதிரில் ஒரு விதவை வந்தாலே ஆகாது. இங்கே ஒரு கூட்டமே வருகிறது!

சுப்பலட்சுமி அந்த வட்டாரத்தில் விடுதிக்குள் மட்டும் அடங்கியிருக்கவில்லை. அருகிலிருந்த மீனவர் குப்பத்துப் பிள்ளைகளுக்கும் ஒரு பள்ளி தொடங்கினார். 1920இல் அரசாங்கம் அவருக்குக் கைசர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கம் கொடுத்தது.

இனி, மறைக்காமல் சொல்ல வேண்டிய ஒன்று. ஐஸ் ஹவுஸ் விடுதி பிராமண விதவைகளுக்கு மட்டுமே உரியது. அரசாங்கப் பணத்தில் ஒரு சாதிக்கு மட்டும் விடுதியா என்ற கேள்வி அன்றே எழுந்தது. நீதிக் கட்சி வளர்ந்துகொண்டிருந்த காலம் அது. மற்ற சாதியாரோடு சேர்ந்து சாப்பிட வேண்டும் என்றால் ஒரு குடும்பமும் பிள்ளையை அனுப்பாது, குழந்தை மணமும் மறுமணத் தடையும் மிகக் கடுமையாக இருந்தது அந்தச் சாதியில்தான் என்பது மறுதரப்பு வாதம். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் நம்மைப் போன்றவர்கள் இதைப் படிக்கும்போது ஒன்றை நினைக்காமல் இருக்க முடியாது. அதே ஆண்டுகளில் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயாவுக்கு வந்த நம் பாட்டிமாரில் ஒருத்தி, விதவையாக அந்த வாசலில் போய் நின்றிருந்தால், அவளுக்கு அங்கே பாய் விரித்திருக்கமாட்டார்கள்.

மறுமண விஷயத்திலும் அப்படித்தான். விதவைகளுக்கு மறுமணம் செய்து வைக்க சுப்பலட்சுமி கொடி பிடிக்கவில்லை. துணிச்சல் போதாது என்று குறை சொன்னவர்கள் உண்டு. எனக்குத் தோன்றுவது இது: 'அங்கே அனுப்பினால் கல்யாணம் செய்து வைத்துவிடுவார்கள்' என்ற ஒரு வதந்தி போதும், மறுநாளே பாதிப் பிள்ளைகளை வந்து கூட்டிப் போயிருப்பார்கள். அவர் ஒன்றை விட்டுக்கொடுத்து இன்னொன்றை வாங்கினார். சரியா, தவறா என்று நூறாண்டு கழித்து நாம் நாற்காலியில் உட்கார்ந்து சொல்வது சுலபம்.

1922: கல்லூரி

அடுத்த அடி பெரியது. 1922இல் லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரியும் அதோடு சேர்ந்த பயிற்சிப் பள்ளியும் தொடங்கப்பட்டன. அன்றைய ஆளுநர் வெலிங்டன் பிரபுவின் மனைவி பெயர் அதற்கு. முதல் முதல்வர் சுப்பலட்சுமி. இது அரசு ஆசிரியர் கல்லூரி. விதவைகளுக்கு மட்டும், ஒரு சாதிக்கு மட்டும் என்ற வரம்பு இதற்கு இல்லை. விடுதியில் மூடியிருந்த கதவு கல்லூரியில் திறந்தது.

'பயிற்சிப் பள்ளி' என்றால் என்ன என்று ஆசிரியர் கல்விக் கழகத்தில் படிக்கும் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிராக்டிகம் என்று பெட்டியும் பாடக்குறிப்புமாக ஏதோ ஒரு பள்ளிக்கு ஓடுகிறார்களே, அதே காரியம்தான். ஒரு வித்தியாசம்: இங்கே பள்ளி கல்லூரியின் மதிலுக்குள்ளேயே இருக்கிறது. பயிற்சி மாணவி காலையில் பாடம் நடத்தும் முறையைக் கற்கிறாள். உண்மையான பிள்ளைகள் முன் நின்று அதைச் செய்து பார்க்கிறாள். மூத்த ஆசிரியை பின்பலகையில் உட்கார்ந்து பார்க்கிறார். பிறகு எங்கே தடுமாறினாள் என்று சொல்கிறார். சொல்லிக் கொடுத்தால் வருவதல்ல ஆசிரியத் தொழில். நின்று, நா உலர்ந்து, ஒரு குறும்புக்காரப் பையனிடம் தோற்று, மறுநாள் மீண்டும் நின்றால்தான் வரும்.

அதுவரை வாய் திறந்து பேசக்கூடாது என்று வளர்க்கப்பட்ட பெண்ணுக்கு, முப்பது பிள்ளைகள் முன் குரலை உயர்த்துவதே முதல் பாடமாக இருந்திருக்கும். இதைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் தகும்.

முதல்வர் பதவி அரசுப் பதவி என்பதால் சுப்பலட்சுமியின் கை கொஞ்சம் கட்டப்பட்டிருந்தது. சுதந்திரப் போராட்டம் சூடுபிடித்த காலத்தில் அவர் அரசியலில் இறங்க முடியாது. ஆனால் குழந்தை மணம் பற்றிப் பேசுவதை அவர் நிறுத்தவில்லை. மார்கரெட் கசின்ஸ், முத்துலட்சுமி ரெட்டி போன்றோருடன் இந்திய மாதர் சங்க வேலைகளில் பங்குகொண்டார். பெண்ணுக்குத் திருமண வயது 14, ஆணுக்கு 18 என்று வரையறுத்த சாரதா சட்டம் 1929இல் நிறைவேறி, அடுத்த ஆண்டு ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. பதினான்கு என்பது இன்று நமக்கு அதிர்ச்சியாக இருக்கும். பதினோரு வயதில் தாலி ஏறி இறங்கிய ஒருத்திக்கு அந்த மூன்று ஆண்டு என்ன என்று தெரியும். பள்ளிக் கணக்கில் சொன்னால், நான்காம் வகுப்போடு நிற்க வேண்டியவள் ஏழாம் வகுப்பு வரை போகலாம். ஆசிரியைப் பயிற்சிக்கு வேண்டிய அடிப்படைப் படிப்பு கிடைப்பது அந்த இடைவெளியில்தான்.

ஓய்வு பெற்றும் ஓயவில்லை

சாரதா மகளிர் சங்கம் 1927இல் சாரதா வித்யாலயாவை நிறுவியது. பின்னாளில் அதை ராமகிருஷ்ண மிஷன் ஏற்று நடத்தியது. அரசுப் பணி முடிந்த பிறகு, 1942இல், மயிலாப்பூரில் ஸ்ரீவித்யா கலாநிலையம் என்று ஒரு பள்ளியைச் சுப்பலட்சுமி தொடங்கினார். அது வயது வந்த பெண்களுக்கு. முப்பது வயதுப் பெண்ணை எட்டு வயதுப் பிள்ளைகளோடு உட்கார வைக்க முடியாது. பாடமும் வேறு, வேகமும் வேறு. படிப்பைப் பாதியில் விட்டவர்களுக்குத் தனிப் பள்ளி வேண்டும் என்பது அவர் இளம் விதவைகளிடம் கற்றுக்கொண்ட பாடம். ரப்பர் மரத்தடியில் படிப்பை விட்டுவிட்டு, பேரன் பேத்தி எடுத்த பிறகு முதியோர் வகுப்புக்குப் போய்க் கையெழுத்துப் போடப் பழகிய நம் அம்மாமாருக்கு இது புரியும்.

மயிலாப்பூர் மாதர் சங்கம் வித்யா மந்திர் பள்ளியை உருவாக்கியபோதும் அவர் துணை நின்றார். 1952 முதல் 1956 வரை சென்னைச் சட்ட மேலவை உறுப்பினர். 1958இல் பத்மஸ்ரீ. மோனிகா ஃபெல்டன் என்ற ஆங்கிலேயப் பெண்மணி அவரைச் சந்தித்துப் பேசி எழுதிய வாழ்க்கை வரலாறு 1966இல் வெளிவந்தது.

சகோதரி சுப்பலட்சுமி 1969 டிசம்பர் 20ஆம் தேதி காலமானார். வயது 83. அன்று வைகுண்ட ஏகாதசி.

சென்னைக்குப் போகும் நம்மவர்கள் மெரினாவுக்குப் போகாமல் திரும்புவதில்லை. அடுத்த முறை சுண்டல் வாங்கித் தின்றபின் சாலையின் மறுபக்கம் பாருங்கள். வட்டமாக, அடுக்கடுக்காக ஒரு பழைய கட்டடம் நிற்கும். இப்போது அதன் பெயர் விவேகானந்தர் இல்லம். உள்ளே சுவாமிகளைப் பற்றிய கண்காட்சி இருக்கிறது. அவர் அங்கே இருந்தது ஒன்பது நாள். பாயைச் சுருட்டிவிட்டுப் பள்ளிக்குக் கிளம்பிய பெண்கள் அங்கே இருந்தது பல ஆண்டுகள். பக்கத்து வளாகத்தில் லேடி வெலிங்டன் பெயரிலேயே ஆசிரியர் கல்லூரி இன்றும் நடக்கிறது.